மூணாவது வரிசை

புனேல இருந்து மதுரைக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல. அப்பா, அம்மா, நாங்க நாலு பேர். அதான் மூணு வரிசை வண்டி பார்க்கக் கிளம்பினோம்.

சேல்ஸ் தம்பி சன்ரூஃபையே திறந்து திறந்து காட்டினார். நான் நேரா கடைசி சீட்ல போய் உட்கார்ந்தேன். சீட்டு தாழ்வு, தரை உசரம். முழங்கால் நெஞ்சுக்கு வந்துடுச்சு. அடுத்து அம்மா. நடுசீட்டை மடக்கியும் ரெண்டாவது காலைத் தூக்க முடியல. "நான் ட்ரெயின்ல வந்துக்கறேன்ப்பா"ன்னாங்க. தங்கமணி என்னை முறைச்சாங்க.

மூணு வரிசையும் நிமிர்ந்திருந்தா அல்கஸார் டிக்கி 180 லிட்டர், 2021ல வந்த சஃபாரிக்கு 73. திரும்பி வர்றப்போ அரிசி மூட்டையை மடியிலயா வைக்கிறது? (வீட்ல ஆளுக்கொரு பெட்டி வேற.)

ஆறு சீட்டர்னா நடுவுல தனித்தனி சீட்டு, இடையில புகுந்து பசங்க பின்னால போயிடுவாங்க. அம்மாவுக்கு நடுசீட்டு. ஞாயித்துக்கிழமை மறுபடி போறோம், பெட்டிங்களோட.