யாருக்கு எதிரா அடிச்ச கோல்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, அமெரிக்காவில் படிக்கும் மகள் வயிற்றுப் பேரன் போன் செய்தான். நலம் விசாரித்து முடித்ததும், "தாத்தா, ஒரு சந்தேகம்" என்றான்.

அவன் படிப்பது ஒரு சின்னக் கல்லூரி. அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. சில கல்லூரிகள் சேர்ந்து ஒரு குழு. அதற்குக் 'கான்ஃபரன்ஸ்' என்று பெயர். பெரும்பாலும் தங்கள் குழுவுக்குள்ளேயே ஆடிக்கொள்வார்கள். பேரனின் கல்லூரி மூன்றாம் பிரிவு. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது.

"எங்க குழு ஸ்ட்ராங்கா, பக்கத்து மாநிலத்துக் குழு ஸ்ட்ராங்கான்னு ஹாஸ்டல்ல ஒரே சண்டை. ரெண்டு பேரும் மோதினதே இல்ல. எப்படித் தாத்தா முடிவு பண்றது?"

முப்பத்து மூன்று வருடம் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தவன் நான். பதில் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். "சாயங்காலம் சொல்லுதேன் எய்யா" என்று போனை வைத்துவிட்டேன்.

இந்தச் சண்டை எனக்குப் புதிதல்ல. நான் மாணவனாக ஆடியபோது நம் பக்கத்துக் கல்லூரிகள் மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. நாங்கள் பாளையங்கோட்டை அணி ஒன்றை 2-1 என்று ஜெயித்தோம். அந்த அணி நாகர்கோவில் அணி ஒன்றை 3-0 என்று ஜெயித்திருந்தது. "அப்படின்னா நாம நாகர்கோவில்காரனுக்கு நாலு கோல் போடுவோம்லே" என்று பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். நாலு கோல் விழுந்தது உண்மை. எங்கள் வலையில் விழுந்தது. கூட்டல் கழித்தலுக்கு நோட்டுப் புத்தகம்தான் சரி, மைதானம் சரிப்படாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. கல்லூரிகளுக்கு இடையே ஆடுவார்கள்; அதிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வாகும். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். நாடு முழுவதையும் நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முதல் நான்கு இடம் பிடிக்கும் அணிகளை அகில இந்தியப் போட்டிக்கு அனுப்புவார்கள். ஏற்பாடு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தென்மண்டலத்தில் நம்மோடு கேரளத்துப் பல்கலைக்கழகங்களும் உண்டு. அகில இந்தியக் கோப்பையைப் பலமுறை கொண்டுபோன கோழிக்கோடும் அதில் அடக்கம். அங்கே ஐந்தாவதாக வந்து வீடு திரும்புகிற அணி, வேறு மண்டலத்தில் ஆடியிருந்தால் எந்த இடத்துக்கு வந்திருக்கும்? யாராலும் சொல்ல முடியாது.

இத்தனையும் தெரிந்த நானே ஒரு தப்புச் செய்தேன்.

1992 ஜூன் மாதம். நான் வேலை பார்த்த கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கால்பந்துக்கு ஒரே ஒரு இடம் மீதம். கட்டணம் இல்லை, விடுதியும் இலவசம். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் டவுன் பள்ளிக்கூடத்துப் பையன். மாவட்டப் போட்டியில் இரண்டாம் இடம் வந்த அணியில் ஆடியவன். இன்னொருவன் ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்துப் பையன். அம்மா பீடி சுற்றுகிறவர். ஊர்களுக்கு இடையே நடந்த சின்னப் போட்டிகளில் ஆறு ஆட்டத்தில் பதினோரு கோல் என்று ஒரு தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வந்திருந்தான்.

நான் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தேன். "பதினோரு கோல் சரிடே, யாருக்கு எதிரா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பையன் ஒன்றும் சொல்லவில்லை. டவுன் பையன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே குற்றாலச் சாரல் தூறிக்கொண்டிருந்தது. மைதானம் ஈரமாக இருக்கிறது என்று இரண்டு பேரையும் இறக்கி ஆட விட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஒரு கிராமத்துப் போட்டியில் எங்கள் கல்லூரி அணி அவன் அணியோடு மோதியது. கரிசல் தரை, மூங்கில் கம்பில் கோல் கம்பம். நாங்கள் 3-2 என்று ஜெயித்தோம். அந்த இரண்டு கோலும் அவன் போட்டது. எங்கள் பின்வரிசைப் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்தும் அவனைப் பிடிக்க முடியவில்லை. முடிவைத் தாளில் எழுதினால் கல்லூரி அணி வென்றது என்றுதான் வரும். கோட்டோரம் நின்று பார்த்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டவுன் பையனும் குறைவில்லை, நன்றாகத்தான் ஆடினான். ஆனால் இவனை நான் பார்க்காமலே கழித்துவிட்டேன்.

எண்ணிக்கையை நம்பக் கூடாது என்பதல்ல என் கட்சி. எதைப் பார்க்கிறோம் என்பதுதான் விஷயம். 2022 நவம்பரில் விஜய் ஹசாரே கோப்பையில் நம் ஜெகதீசன் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 ரன் அடித்தார். தமிழ்நாடு 506 ரன். எதிரணி 71-க்குச் சுருண்டது. "சும்மா அணிக்கு எதிரா அடிச்சது" என்று மார்க்கெட் டீக்கடையில் ஒரு அண்ணாச்சி தள்ளிவிட்டார். அதற்கு முந்தைய நான்கு ஆட்டத்திலும் ஆந்திரம், சத்தீஸ்கர், கோவா, ஹரியாணா என்று ஒவ்வோர் அணிக்கு எதிராகவும் சதம் அடித்தவர் அவர் என்று சொன்னேன். எதிரணி பலவீனம் என்பது உண்மை. அதனால் அடித்தவரும் பலவீனம் என்று ஆகாது.

இன்னொன்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் வட்டாரக் கடலோரக் கிராமங்கள். மணலில் பந்து உதைத்து வளரும் மீனவப் பிள்ளைகள். அங்கே இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியிலும், பிறகு ஐ.எஸ்.எல். அணிகளிலும் ஆடினார். அந்தச் சென்னை சிட்டி அணியே ஒரு வருடம் பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்து, மறு வருடம், 2018-19-இல், கிழக்கு வங்காளத்தை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டத்தை வென்றது.

சாயங்காலம் பேரனைக் கூப்பிட்டேன். அவன் நாட்டுக் கதையையே அவனுக்குச் சொன்னேன். 2007 செப்டம்பர் 1. மிச்சிகன் பல்கலைக்கழகம், தேசத் தரவரிசையில் ஐந்தாவது. லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம். ஒரு படி கீழே உள்ள பிரிவிலிருந்து அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற அணியை ஆட அழைத்தார்கள். 34-32 என்று அப்பலாச்சியன் ஜெயித்துவிட்டது. கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த பந்தைத் தடுத்தே ஜெயித்தார்கள்.

"அப்போ சின்னப் பிரிவுதான் ஸ்ட்ராங்கா?" என்றான்.

"அதுவும் இல்ல எய்யா. அந்த ஒரு ஆட்டத்தை வச்சு ரெண்டு பிரிவையும் எடை போட முடியாது. அன்னைக்கு அந்தச் சின்ன அணியை மைதானத்துக்குள்ள விட்டாங்க. அதனால அவங்க யாருன்னு தெரிஞ்சுது. உங்க ரெண்டு குழுவும் எப்பவாவது மோதட்டும். அதுவரைக்கும் தெரியாதுன்னு சொல்லப் பழகிக்கோ."

அந்தக் கிராமத்துப் பையன் இப்போது பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது; கேரளத்துக்கு லாரி ஏற்றிவிடுகிற வேலை. என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். சில வருடம் முன்பு நானாகவே அந்தப் பேச்சை எடுத்து, "அன்னைக்கு உன்னைச் சேத்திருக்கணும்பா" என்றேன்.

கையிலிருந்த சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சேக்காதது கூடப் பரவால்ல ஸார். ஒரே ஒரு மேட்ச் ஆட விட்டுப் பாத்திருக்கலாம்லா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அப்புறம் ஒரு கட்டு முருங்கைக்காயை என் பையில் வைத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

இப்போதும் யாராவது "அது சின்ன டீம் ஸார்" என்று பேச ஆரம்பித்தால், எனக்கு அந்தத் தாளும் அதிலிருந்த ஊர்ப் பெரியவர் கையெழுத்தும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.