சிறுமரமும் நான்கு பருவங்களும்

நுழையும்முன்

மரம் வளர்ப்பதற்கு மண், நீர், ஒளி ஆகியன வேண்டும் என்பதை அறிவோம். பருவமும் வேண்டும் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். ஜப்பானில் ஓராண்டு தங்கிய தமிழாசிரியை ஒருவர், இளம் மேப்பிள் கன்று ஒன்றைத் தொட்டியில் வளர்க்கக் கற்றுக்கொண்ட பட்டறிவே இப்பாடம்.

போன்சாய் என்னும் சொல்லைக் கேட்டவுடன் சிலருக்கு வியப்புத் தோன்றும். சிலருக்கு இரக்கம் தோன்றும். ஓங்கி வளர வேண்டிய மரத்தின் வேரையும் கிளையையும் வெட்டி, ஒரு சிறு தொட்டிக்குள் நிறுத்திவைப்பது முறையா என்று இரக்கப்படுவோர் கேட்பார்கள். அவ்வினாவுக்கு நூல்களில் விடை தேடலாம். எனக்கோ அந்த விடை ஓர் இளங்கன்றிடமிருந்து, ஓராண்டுக் காலத்தில், சிறிது சிறிதாகக் கிடைத்தது.

‘போன்’ என்பது ஆழமற்ற தட்டையும் ‘சாய்’ என்பது நடுதலையும் குறிக்கும். தட்டில் நட்டது என்பதே அச்சொல்லின் பொருள். சீனத்தில் தோன்றிய இக்கலை ஜப்பானில் தனக்கெனத் தனி வடிவம் பெற்றது. போன்சாய் என்பது குள்ளமான மரவினம் அன்று. தொட்டியில் ஒரு சாண் உயரத்தில் நிற்கும் மேப்பிளின் விதையைத் திறந்த நிலத்தில் ஊன்றினால், அது வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும்.

கைக்குள் அடங்கிய கன்று

என் மகள் பணியின் பொருட்டு ஜப்பானின் சைத்தாமா நகரில் வாழ்கிறாள். அவளுடைய மகப்பேற்றின்போது துணையாக இருப்பதற்காக, ஓராண்டு விடுப்பில் மார்ச் மாதத் தொடக்கத்தில் அங்குச் சென்றேன். அந்நகரின் ஒரு பகுதியான ஓமியாவில் போன்சாய்ச் சிற்றூர் ஒன்று உள்ளது. 1923ஆம் ஆண்டு நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தால் தோக்கியோ நகரம் சிதைந்தது. அங்கிருந்த போன்சாய்த் தோட்டக்காரர்கள் நல்ல மண்ணும் நீரும் தூய காற்றும் தேடி இங்கே வந்து, 1925இல் இக்குடியிருப்பை அமைத்தனர். அக்காலத்தில் இங்கு வாழ விரும்பியோர் குறைந்தது பத்துப் போன்சாய்களாவது வைத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டு வாயிலைத் திறந்தே வைக்க வேண்டியிருந்தது. மதிலுக்குப் பதிலாக உயிர்வேலி அமைக்க வேண்டியிருந்தது. மாடிவீடு கட்டத் தடை இருந்தது. இவை அவர்கள் தமக்குத் தாமே அன்று வகுத்துக்கொண்ட நெறிகள். ஒருவர் வீட்டு மாடியின் நிழல் அடுத்தவர் மரத்தின்மேல் விழுமல்லவா?

மகளின் பக்கத்து வீட்டில் எண்பது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் வாழ்ந்தார். அவர் வீட்டின் பின்புறத்தில் மரப்பலகைகளின்மேல் தொட்டிகள் வரிசையாக நின்றன. நான் ஆசிரியை என்று அறிந்த நாள்முதல் என்னைச் ‘சென்செய்’ என்றே அழைத்தார். ஆசிரியரை அவர்கள் அழைக்கும் மதிப்புச்சொல் அது. எங்கள் இருவருக்கும் இடையே மகள்தான் மொழிபெயர்ப்பாளர்.

ஒருநாள் அவர் ஒரு சிறிய மண்தொட்டியை என் கையில் கொடுத்தார். பென்சில் பருமனில் ஒரு தண்டு; அதில் இலை ஒன்றுகூட இல்லை.

“இது விதையிலிருந்து நான் வளர்த்த மூன்று வயதுக் குழந்தை. உங்கள் பேரக்குழந்தை வரும்வரை இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், சென்செய்” என்றார்.

இளவேனில்: வேரைத் தொடும் காலம்

மொட்டுகள் பருத்து, இன்னும் விரியாமல் இருக்கும் சில நாள்களே மேப்பிள் கன்றைத் தொட்டி மாற்றுவதற்கு உரிய காலம். இலை விரிந்துவிட்டால் மரம் தன் சேமிப்பைச் செலவிடத் தொடங்கிவிடும். அதன்பின் வேரைத் தொடுவது அதற்குப் பெருஞ்சுமை. ஆகவே, நான் சென்ற மூன்றாம் வாரத்திலேயே முதற்பாடம் தொடங்கியது.

முதியவர் கன்றைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஒரு மூங்கில் குச்சியால் மண்ணை மெல்லக் கோதி உதிர்த்தார். நேர்கீழாக இறங்கிய ஆணிவேரைக் குறுக்கினார். பக்கவேர்களைச் சுற்றிலும் விரித்து வைத்தார். ஆணிவேர் மரத்தை நிலத்தில் நிறுத்துகிறது. உணவும் நீரும் தேடித் தருபவையோ நுண்ணிய பக்கவேர்கள். அவை பெருகினால் ஆழமற்ற தட்டிலும் மரம் நலமாக வாழும். அடியில் துளைகளும் அவற்றின்மேல் வலையும் உள்ள தொட்டியில், அகடாமா என்னும் குறுமண்ணை இட்டோம். எரிமலைச் சாம்பலிலிருந்து தோன்றிய அச்செந்நிற மண்ணின் குறுணைகளுக்கு இடையே நீர் தங்காமல் வடியும், காற்றும் புகும். வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும்.

ஏப்ரலில் மொட்டுகள் விரிந்தன. ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலைகள். ஒவ்வோர் இலையும் விரல் விரித்த கை போன்றது. மேப்பிளைக் குறிக்கும் ‘கயேதே’ என்னும் ஜப்பானியச் சொல், ‘தவளைக்கை’ என்னும் பழஞ்சொல்லின் மரூஉ என்று மகள் சொன்னாள். சொல்லின் வேரைத் தேடுவது என் தொழில். அதனால் அச்செய்தி அன்று முழுவதும் எனக்கு இனித்தது.

கிளைகள் விரைந்து நீண்டன. அழகான வடிவம் வேண்டுமெனில் உடனே நறுக்க வேண்டும் அல்லவா என்று கேட்டேன். முதியவர் தலையசைத்து மறுத்தார். தண்டு பருக்க வேண்டுமானால் இளங்கன்றைச் சில ஆண்டுகள் விருப்பம்போல் வளரவிட வேண்டும். இலைகள் மிகுந்தால் உணவு மிகும். உணவு மிகுந்தால் தண்டு பருக்கும். நுனி கிள்ளுவதும் கிளை நறுக்குவதும் வடிவம் பெற்ற மரங்களுக்கு உரியவை. பிள்ளைப் பருவத்திலேயே முதுமரத்தின் ஒழுங்கை எதிர்பார்த்தால், கன்று கடைசிவரை பென்சில் பருமனிலேயே நிற்கும். வகுப்பறையில் முப்பதாண்டுகளை நெருங்கிய எனக்கு அச்சொற்கள் மரத்தைப் பற்றியவையாக மட்டும் கேட்கவில்லை.

முதுவேனில்: நீரின் கணக்கு

ஜூன் மாதத்தில் மழைக்காலம் தொடங்கியது. அம்மழையினூடே பேத்தி பிறந்தாள். ஜூலை நடுவில் மழை ஓய்ந்ததும் வெயில் கடுமையாக அடித்தது. ஜப்பான் என்றாலே குளிர்நாடு என எண்ணுவோர் உண்டு. 2018ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று, இதே சைத்தாமா மாகாணத்தின் குமகாயா நகரில் 41.1 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது.

நீர் ஊற்றக் கற்க மூன்றாண்டுகள் ஆகும் என்பது ஜப்பானியத் தோட்டக்காரர்களின் வழக்குமொழி. வாளியில் மொண்டு ஊற்றுவதற்கு மூன்றாண்டுப் பயிற்சி எதற்கு என்று தோன்றலாம். எப்போது ஊற்றுவது என்பதில்தான் அக்கல்வி அடங்கியிருக்கிறது. ஈரமான அகடாமா அடர்நிறமாக இருக்கும். உலர உலர வெளிறும். வெளிறிய மேற்பரப்பைக் கண்ணால் காண வேண்டும். விரலால் தொட்டு அறிய வேண்டும். தொட்டியைத் தூக்கி எடையை உணர வேண்டும். ஊற்றினால் அடித்துளைகளின் வழியே நீர் வழியும்வரை ஊற்ற வேண்டும். கோடையில் நாளுக்கு இருமுறை அது தேவைப்பட்டது. மேப்பிளின் மெல்லிய இலைகள் பிற்பகல் வெயிலையும் வெப்பக்காற்றையும் தாங்கா. எனவே, காலை வெயில் படுமாறும் பிற்பகலில் நிழல் விழுமாறும் தொட்டியைக் கிழக்குப் பக்கம் நகர்த்தினோம்.

அந்நாள்களில்தான் இரக்கம் பற்றிய வினாவுக்கு எனக்கு விடை தெளிந்தது. பட்டினியால் போன்சாய் சிறுக்காது. பட்டினி போட்டால் மடிந்துவிடும். வேரையும் கிளையையும் அளவறிந்து நறுக்குவதால் அது சிறிய வடிவில் நிற்கிறது. உரமும் நீரும் நிழலும் காட்டு மரத்துக்குக் கிடைப்பதைவிட அதற்கு ஒழுங்காகக் கிடைக்கின்றன. காட்டு மரம் தன் வேரை நீட்டி நீர் தேடும்; தொட்டி மரத்துக்கு மனிதரின் கையைத் தவிர வேறு வழியில்லை. கடுங்கோடையில் ஓரிரு நாள் மறந்தாலும் அதன் உயிர் போய்விடலாம். தொட்டியில் கட்டுண்டது மரம் மட்டும் அன்று, வளர்ப்பவரும்தான். அக்கட்டை ஏற்க மனமில்லாதவர் கையில் அது கொடுமை. ஏற்றவர் கையில் அது பேணுதல்.

கூதிர்: இலை சிவக்கும் நாள்கள்

செப்டம்பர் இறுதியில் வெயில் தணிந்தது. நவம்பர் கடைசியில் என் கன்றின் இலைகள் நுனியிலிருந்து சிவக்கத் தொடங்கின. பகலொளி குறையும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. இலையில் தேங்கிய சர்க்கரையைக் கொண்டு ஆந்தோசயனின் என்னும் செந்நிறமி புதிதாக உருவாகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்தால் சிவப்பு மிகும். சிவந்த இலைகளைக் காண மலைகளுக்கும் தோட்டங்களுக்கும் செல்வதை ஜப்பானியர் ‘மொமிஜிகாரி’ என்பர். ‘செவ்விலை வேட்டை’ என்று அதனைத் தமிழாக்கலாம்.

சிவந்த இலைகள் அழகுக்காக மட்டும் சிவப்பதில்லை. விழுவதற்கு முன் அவற்றிலுள்ள சத்துகளை மரம் தண்டுக்கும் வேருக்கும் மீட்டுக்கொள்கிறது. டிசம்பர் நடுவில், எங்கள் கன்று கடைசி இலையையும் உதிர்த்தது.

பனி: உறக்கமும் வளர்ச்சியே

ஜனவரியில் இரவு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கியது. வாடைக்காற்று வறண்டு வீசியது. பேத்திக்குக் கம்பளி சுற்றிய கையோடு கன்றையும் வெப்பமூட்டிய அறைக்குள் வைக்கலாமா என்று முதியவரிடம் கேட்டேன்.

“வேண்டாம், சென்செய். அது உறங்க வேண்டும். உறங்காத மேப்பிள் வசந்தத்தில் விழிக்காது” என்றார்.

சில வாரங்கள் தொடர்ந்து குளிரை உணர்ந்த பிறகே மேப்பிளின் மொட்டுகள் சீராக விரியும். கதகதப்பான அறை அந்த உறக்கத்தைக் கெடுத்து, மரத்தை ஆண்டுதோறும் நலியச் செய்யும். அதே வேளையில், சிறு தொட்டியின் வேர்கள் முற்றும் உறைந்துவிடாமலும் காக்க வேண்டும். ஆகவே, தொட்டியைப் பலகையிலிருந்து இறக்கி, காற்றுப் படாத சுவரோரம் தரையில் வைத்து, சுற்றிலும் உலர்ந்த சருகுகளைக் குவித்தோம். இலையில்லாத மரத்துக்கும் நீர் வேண்டும். இரவில் உறையாதபடி முற்பகலில் அளவோடு ஊற்றினோம்.

ஒருநாள் நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது முதியவர் இயல்பாகச் சொன்னார்: “இது ஒரு மரமாகத் தோன்ற இன்னும் இருபது ஆண்டுகள் ஆகும். நான் பார்க்கப்போவதில்லை.” அவர் குரலில் வருத்தம் இல்லை. மறுநொடியே குனிந்து, காற்றில் கலைந்த சருகுகளைச் சீர்செய்தார்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டினையொட்டி ஜப்பான் 1976இல் அந்நாட்டுக்கு 53 போன்சாய்களைப் பரிசளித்தது. அவற்றுள் ஒன்று, ஹிரோஷிமாவைச் சேர்ந்த மசாரு யமாகி வழங்கிய வெண்பைன் மரம். 1625 முதல் பேணப்பட்டுவரும் அம்மரம், 1945 ஆகஸ்டு 6 அன்று அணுகுண்டு வீசப்பட்டபோது அந்நகரிலேயே இருந்து உயிர் பிழைத்தது. 2001இல் யமாகியின் பேரர்கள் வாசிங்டனுக்கு வந்து கூறிய பின்பே இச்செய்தியை அங்குள்ளோர் அறிந்தனர்.

விடைபெறல்

பிப்ரவரி இறுதியில் நான் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. “மரம் உங்களுடையது, எடுத்துச் செல்லுங்கள்” என்றார் முதியவர். எடுத்துச் செல்ல எனக்கு ஆசை இருந்தது. வெளிநாட்டுச் செடியை நம் நாட்டுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச்சான்றும் வேண்டும். அவற்றைப் பெற முயலலாம்; ஆனால், குளிரைப் பெற முடியுமா? எங்கள் திருச்சிராப்பள்ளியில் ஜனவரி இரவிலும் வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். மரமும் புள்ளும் விலங்கும் அவற்றைச் சார்ந்து அமையும் கருப்பொருள்கள். இவ்விலக்கணத்தை ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் அட்டவணையாக எழுதி வந்திருக்கிறேன். அந்தப் பனிக்காலத்தில் அது என் கண்ணெதிரே ஒரு தொட்டிக்குள் நின்றது. மரத்தை எடுத்துச் செல்லலாம். அதன் நிலத்தையும் பொழுதையும் எடுத்துச் செல்ல இயலாது. வேப்பமரத்துக்கு எங்கள் ஊர் வெயில் எப்படியோ, மேப்பிளுக்கு அந்தப் பனி அப்படி. என் விருப்பத்துக்காக அதனை அங்கிருந்து பெயர்த்தால், நான் ஓராண்டு செய்தது பேணுதல் ஆகாது.

மரம் மகள் வீட்டிலேயே தங்கியது. புறப்படுவதற்கு முதல்நாள் காலை சருகுகளை விலக்கிப் பார்த்தேன். கணுதோறும் இணை இணையாக மொட்டுகள் செந்நிறம் கொண்டிருந்தன, இன்னும் விரியவில்லை. அவை விரியும்போது நான் அங்கே இருக்கமாட்டேன். அடித்துளைகளில் நீர் வழியும்வரை ஊற்றிவிட்டு, நீர்க்குவளையை மகளிடம் கொடுத்தேன். அவள் இடுப்பிலிருந்த பேத்தி, குவளையின் கைப்பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊருக்கே உரிய மரம் ஒன்றைத் தேர்ந்து, ஆறு பெரும்பொழுதுகளிலும் அதில் நிகழும் மாற்றங்களை உற்றுநோக்கிக் குறிப்பேட்டில் எழுதுக.

2. ‘போன்சாய் வளர்ப்பு – கலையா, கொடுமையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.