எளிய இரசத்தின் சுவை

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தில் ஒரு மாலை, எங்கள் பங்கு இல்லத்தின் திண்ணையில் ஒரு பெண்மணி வந்து நின்றார். பிள்ளையார்பாளையத்தில் வீட்டோடு தறி வைத்திருக்கும் குடும்பம். கணவர் பட்டு நெசவில் கைதேர்ந்தவர். ஆயினும் கூலி கைக்கு வரும் நாளில் வீடு வந்து சேரும் பழக்கம் அவரிடம் இல்லை.

“சாமிகிட்ட வாங்க, புத்தி சொல்வாருன்னு கூப்பிட்டேன். ‘சாமியே தினமும் காலையிலே குடிக்கிறாரு, எனக்கு என்ன சொல்லப் போறாரு’ன்னு கேக்குறாரு சாமி. நான் என்ன பதில் சொல்றது?”

அந்தக் கேள்விக்குக் குருமடத்தில் கற்ற விடை என்னிடம் இருந்தது. பலிபீடத்தில் நான் பருகுவது ஆண்டவரின் திரு இரத்தம் என்னும் விசுவாசத்தை அவருக்கு எடுத்துரைத்தேன். அவரும் தலையசைத்துச் சென்றார். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் கணவரின் கேலி, அவர் அறியாத ஓரிடத்தில் என்னைத் தைத்துவிட்டது. அன்பு வாசகர்களே, எனக்குத் திராட்சை இரசம் பிடிக்கும். பீடத்தில் மட்டுமன்று, உணவு மேசையிலும் பிடிக்கும். ஒரு பங்குக் குரு இதைக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மறைத்து வைப்பதைவிடச் சொல்லிவிடுவது நல்லது என்று துணிந்தே எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் உரோமையில் மேற்படிப்புக்காகத் தங்கியிருந்தபோது, கோடை விடுமுறையில் ஆல்பான் குன்றுகளிலுள்ள ஒரு சிற்றூர்ப் பங்கில் உதவிக்குச் சென்றேன். நகருக்குத் தென்கிழக்கே உள்ள எரிமலை மண் அது. பிராஸ்காத்தி, மரீனோ முதலிய ஊர்களின் வெள்ளை இரசம் பன்னெடுங்காலமாக உரோமை மக்களின் அன்றாட பானம். மரீனோவில் 1925 முதல் நடைபெறும் திராட்சை விழாவின்போது, ஊர்ச் சதுக்கத்து நீரூற்றில் தண்ணீருக்குப் பதிலாக இரசமே ஓடும். ஆனால் என்னைக் கவர்ந்தது அந்த விழா அன்று. அவ்வூரின் கூட்டுறவுக் கிடங்கே. மண்ணெண்ணெய் வாங்கப் போவதுபோல் மக்கள் பிளாஸ்டிக் கேன்களோடு அங்கே வருவார்கள். பெட்ரோல் நிலையத்துக் குழாய் போன்ற ஒன்றால் அவற்றை நிரப்பித் தருவார்கள். புட்டியும் இல்லை, பெயர்ச்சீட்டும் இல்லை, ஆண்டுக் கணக்கும் இல்லை.

அந்தப் பங்கின் கோயிற்பிள்ளை எழுபது வயதைக் கடந்த விவசாயி. முதல் நாள் இரவு உணவில் எனக்கு ஊற்றித் தந்ததை நான் மருந்து குடிப்பதுபோல் மடமடவென்று விழுங்கினேன். அவர் சிரித்தார். “குருவே, தொண்டைக்குக் கொடுத்துவிட்டீர்கள், வாய்க்கு ஒன்றும் கொடுக்கவில்லையே” என்றார். பின்னர் அவர் கற்றுத்தந்த பாடம் எளியது. கிண்ணத்தைக் கால்பங்குக்கு மேல் நிரப்பலாகாது. வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்க வேண்டும். சற்றுச் சுழற்றி முகர வேண்டும். ஒரு மிடறு எடுத்து நாவின் எல்லாப் பக்கமும் படவிட்டு, விழுங்கியபின் பேசாமல் இருக்க வேண்டும். அந்தப் பேசாமல் இருத்தலில்தான் காரியம் இருக்கிறது. விழுங்கியதும் மறைந்துவிடும் சுவை ஒன்று. சிறிது நேரம் வாயில் தங்கி மெல்ல மாறும் சுவை மற்றொன்று.

இது நமக்குப் புதிய கலையா, என்ன? என் தாயார் மிளகு இரசம் கொதிக்கும்போது கரண்டியால் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நாவில் வைத்து, கண்களைச் சிறிது மூடி நிற்பார். புளி தூக்கலா, உப்பு போதுமா, இன்னும் ஒரு கொதி வேண்டுமா என்று அந்த இரண்டு நொடியில் தீர்மானிப்பார். இத்தாலியக் கிழவர் செய்ததும் அதுவே. நம் அறுசுவைக் கணக்கிலேயே திராட்சை இரசத்தையும் அளந்துவிடலாம். இனிப்பும் புளிப்பும் வெள்ளை இரசத்தில் முன் நிற்கும். சிவப்பில் தோலும் விதையும் சாற்றோடு ஊறுவதால் துவர்ப்பு கூடும். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால் நா இழுபடுமே, அந்தத் துவர்ப்பு.

மலிவான இரசத்தைச் சுவைப்பதில் ஒரு நன்மை உண்டு. விலை நம்மை ஏமாற்றுவதில்லை. விலையுயர்ந்த புட்டியின் முன் நாவைவிடப் பெயர்ச்சீட்டே முந்திப் பேசும். எளிய இரசத்தில் எதிர்பார்க்க வேண்டியவை மூன்றே: தூய்மையான மணம், உணவுக்குத் துணைநிற்கும் புளிப்பு, அளவான இனிப்பு. காடியின் நெடி வந்தால் காற்றுப் பட்டுக் கெடத் தொடங்கிவிட்டது. நனைந்த பழைய செய்தித்தாளின் வாடை வந்தால் தக்கையின் குற்றம். அளவுக்கு மீறித் தித்தித்தால், ஏதோ ஒரு குறையைச் சர்க்கரை மூடி மறைக்கிறதோ என்று ஐயுறலாம். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய மட்டச் சேலை முதல் சலவையில் தன் உண்மையைக் காட்டிவிடும் என்பது காஞ்சிபுரத்தார்க்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வகை எளிய இரசம் தமிழ்க் கரைக்கு வந்த கதை மிகப் பழையது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடற்பகுதியின் இரு கைப்பிடிச் சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. அவற்றைப் பின்னர் ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் என்னும் அறிஞர், பெருந்தொகையானவை கிரேக்கத் தீவான கோஸ் வகைச் சாடிகள் என்று கண்டார். கோஸ் இரசம் கடல்நீர் கலந்து செய்யப்பட்டது. உரோமையின் கேட்டோ தம் வேளாண்மை நூலில் அதைப் போலச் செய்யும் முறையையே எழுதிவைத்திருக்கிறார். அரசர் விருந்துக்குரிய உயர்ந்த வகை அன்று. பொதுமக்கள் பருகிய சாதாரண வகை. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதாக நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அங்கே அன்றாட பானமாயிருந்தது கடல் கடந்ததும் இங்கே அரண்மனைப் பொருளாயிற்று போலும்.

அந்த நிலை இன்றும் மாறவில்லை என்பதே என் வருத்தம். நம் மண்ணில் திராட்சை இல்லாமல் இல்லை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குரு அந்தக் கொடியைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. குளிர்நாட்டில் பனிக்காலத்தில் உறங்கும் கொடி, நம் வெப்பத்தில் உறங்குவதே இல்லை. கவாத்து செய்யச் செய்யக் காய்க்கும். மகாராட்டிரத்து நாசிக்கிலும் கருநாடகத்து நந்தி மலையடியிலும் இரசத்திற்கென்றே தோட்டங்கள் எழுந்துள்ளன. பெங்களூரில் என்னோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய இல்லத்தில் ஒருமுறை ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிய நாசிக் வெள்ளை இரசம் ஒன்றைப் பருகினோம். செனின் பிளாங்க் என்னும் வகை. கொய்யாவின் மணமும், இலேசான இனிப்பும், பின்னால் ஓர் இளம்புளிப்பும். மிளகு போட்ட மீன் வறுவலுக்கு அது மிகவும் பொருந்தியது. துவர்ப்பு மிக்க சிவப்பு இரசத்தை நம் மிளகாய்க் காரத்தோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று உசுப்பிவிடும். மேலும் ஒன்று: சிவப்பு இரசத்தை அறைச் சூட்டில் பருகுக என்று ஐரோப்பிய நூல்கள் கூறும். அவர்கள் அறை பதினாறு பதினெட்டுப் பாகை. சித்திரை மாதத்தில் என் அறை முப்பத்தெட்டு! நாம் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிடுவதே அறிவு.

ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் ஒரு நெசவாளன் வீட்டில் சிறு தொகையா? ஆல்பான் குன்றுகளில் ஏழையின் மேசையில் நிற்பது இங்கே செல்வரின் காட்சிப் பொருள். இங்கு மலிவாகக் கிடைப்பதோ நூற்றுக்கு நாற்பத்திரண்டரைக்கு மேல் எரிசாராயம் உள்ள பிராந்தியும் ரம்மும். திராட்சை இரசத்தில் அது பன்னிரண்டு பதின்மூன்றளவே. வலிய மது எளியவர்க்கு அருகிலும், மெலிய மது எட்டாத் தொலைவிலும் இருக்கின்றன. அந்தக் கால்புட்டியை யாரும் சுவைப்பதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கி, முகத்தைச் சுளித்து, ஊறுகாயை நக்குகிறார்கள். சுவையற்ற ஒன்றுக்காகக் குடும்பத்தை அழிப்பதுதான் எனக்கு விளங்காத துயரம்.

ஆகவே எல்லாரும் இரசத்திற்கு மாறுங்கள் என்று சொல்ல வந்தேன் என எண்ணிவிடாதீர்கள். 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலக நல்வாழ்வு நிறுவனம், எவ்வளவு குறைந்த மதுவும் உடலுக்குத் தீங்கற்றது எனக் கூற இயலாது என்று அறிவித்தது. திமொத்தேயுவின் வயிற்றுக்காகப் புனித பவுல் சொன்ன யோசனையைத் துணைக்கு அழைப்போர் இதையும் படிக்க வேண்டும். குடிநோய்க்கு ஆளானவருக்கோ ஒரு மிடறும் நெருப்பு. எனக்குத் தெரிந்த குரு ஒருவர் அதில் வீழ்ந்து, மீண்டு, இன்று ஆயரின் இசைவுடன் மஸ்தும் எனப்படும், புளிப்பேறாமல் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைக் கொண்டே திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார். 2003-இல் உரோமை விடுத்த சுற்றுமடல் அத்தகைய இசைவுக்கு வழி வகுத்தது. திருச்சபைச் சட்டம் இரசம் இயற்கையானதாகவும், திராட்சைக் கனியிலிருந்து வந்ததாகவும், கெடாததாகவும் இருக்க வேண்டும் என்றே கேட்கிறது. வெறியேற்ற வேண்டும் என்று கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்த நெசவாளரின் வீட்டுக்கு நானே சென்றேன். புத்தி சொல்லப் போகவில்லை. பட்டுப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. சரிகை இழையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவந்த பட்டு நூல் தெரிவதைக் காட்டினார். பாவு நூலைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே முறுக்கின் தரத்தைச் சொன்னார். நான் கேட்டேன்: “விரலுக்கு இவ்வளவு பொறுமை கொடுக்கிறீர்களே, வாய்க்கு ஏன் கொடுப்பதில்லை?” அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கை நடுங்குது சாமி. குடிச்சாத்தான் நிக்குது” என்றார். என் கேள்வி எத்தனை அசட்டுத்தனமானது என்று அப்போதுதான் புரிந்தது. சுவை பற்றிய என் பாடம் எதுவும் அவருக்கு உதவாது. அவருக்கு வேண்டியது மருத்துவம். சென்னையிலுள்ள ஒரு சிகிச்சை மையத்திற்கு அவரும் மனைவியும் சென்றுவந்தார்கள். தை மாதத்திலிருந்து தறி ஓடுகிறது. இடையில் ஒருமுறை சறுக்கினார், மறுபடி எழுந்தார். அதற்குமேல் நான் எதையும் உறுதி கூற மாட்டேன்.

அன்று முதல் பங்கு மக்கள் வீடுகளில், எவர் வற்புறுத்தினும், நான் கிண்ணத்தைத் தொடுவதில்லை.

இவ்வாண்டு பெரிய வியாழனன்று இரு வடிவங்களிலும் நன்மை வழங்கினேன். வரிசையில் அவர் வந்தார். அப்பத்தை இரசத்தில் தோய்க்கக் கையெடுத்தபோது, “அப்பம் மட்டும், சாமி” என்று மெல்லச் சொன்னார். அப்படியே கொடுத்தேன். அடுத்து வந்த அவர் மனைவி இரண்டையும் வாங்கினார். வழிபாடு முடிந்தபின் பூசையறை வாயிலில் நின்று, சற்றுத் தயங்கி, “சாமி, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு ரசம் கொஞ்சம் புளிச்ச மாதிரி இருந்துச்சு” என்றார்.

உள்ளே போய்ப் புட்டியை முகர்ந்து பார்த்தேன். கெட்டுவிடவில்லை, ஆனால் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, காடியின் முதல் நெடி தொட்டிருந்தது. பீடத்தில் நின்ற எனக்கு அது தெரியவில்லை. உயிர்ப்பு ஞாயிறுக்குப் புதிய புட்டியைத் திறந்தேன்.