தூரம்

உலக உருண்டையில் ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். நூல் ரஷ்யாவின் மேல் கிடந்தது. சுமார் 7,800 கிலோமீட்டர்; அவ்வழியே பறந்தால் ஒன்பதரை மணி நேரம். 1983இல் சோவியத் வானம் கிடைக்காமல் ஃபின்லாந்து விமானம் வடதுருவத்தின் மேலாகப் போயிற்று: 13 மணி. பிற்பாடு சைபீரிய வழி திறந்தது. 2022இல், உக்ரைன் போரை ஒட்டி, ஃபின்லாந்துக்கு அது மறுபடி மூடிற்று. துருவ வழியோ தெற்குச் சுற்றோ, மறுபடியும் 13 மணி.

இதற்குள் பூமி ஓர் அங்குலம்கூட நீளவில்லை. தூரம் பூமியின் குணம் என்றுதான் இதுவரை நம்பியிருந்தேன். மனிதர் ஒருவருக்கொருவர் தரும், மறுக்கும் அனுமதிதான் அது என்று இப்போது தோன்றுகிறது.

என் தம்பி வீடு இரண்டு தெரு தள்ளி. பேச்சு நின்று பத்து வருஷம். இன்னும் நான் அங்கே போய்ச் சேரவில்லை.