எழுவாய் மாற்றம்

கண்டியிலிருந்து தலாத்துஓயா செல்லும் வீதியில், 1893ஆம் ஆண்டு நிறுவப்பட்ட குருமடத்தாற் பெயர்பெற்ற அம்பிட்டியவில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். அயலிலிருந்த தமிழ்ப் பாடசாலையொன்றில் ஒன்பதாந் தரத்துக்குக் கணிதம் கற்பித்தேன். என் மாணவரிற் பலர் மலைச்சரிவுத் தோட்டங்களின் லயக் காம்பராக்களிலிருந்து நடந்து வருபவர்கள்.

தூரத்தை நேரத்தால் வகுக்க வருவது கதி. இதற்கு ஆசிரியருலகில் ஒரு குறுக்குவழி உண்டு. முக்கோணமொன்று வரைந்து, மேலே தூரமும் கீழே கதியும் நேரமும் எழுதி, வேண்டியதை விரலால் மறைக்கவேண்டும். எஞ்சியது விடை காட்டும். நானும் அதையே கற்பித்தேன். புள்ளிகள் கிடைத்தன. ஆனால் முக்கோணத்துள் அடங்காத சமன்பாடொன்று வந்ததும் விரல்கள் திகைத்து நின்றன. “அந்தப் பக்கம் போனால் வகுத்தல் பெருக்கலாகிவிடும்” என்பதும் அதே இனத்து மந்திரந்தான். எதுவும் எங்கும் போவதில்லை. சமமான இரண்டையும் ஒரே எண்ணாற் பெருக்கினால் அவை சமமாகவே இருக்கும். இருபுறத்தையும் நேரத்தாற் பெருக்கத் தூரம் தனித்து நிற்கும். பின்னர் கதியால் வகுக்க, நேரம் தனித்து நிற்கும்.

பிள்ளைகள் தடுமாறுவதில் வியப்பில்லை. 1638இல் வெளிவந்த தமது நூலில் கலிலியோவே சீரான இயக்கத்தை விகிதங்களாகத்தான் விளக்கினார். இனம் வேறான இரு கணியங்களை ஒன்றால் மற்றொன்றை வகுக்கும் வழக்கம் அக்காலத்தில் இருக்கவில்லை.

வேண்டியதைத் தனித்து நிறுத்துவதை நாம் சூத்திரத்தின் எழுவாயை மாற்றுதல் என்கிறோம். இலக்கணத்திலிருந்து வந்த அழகிய சொல்! அதன் பொருளை எனக்கு விளக்கியவள் ஒரு மாணவி.

அவள் நாள்தோறும் பிந்தி வந்து வாசலில் முழந்தாளிடுபவள். விரைந்து நடந்தால் என்ன என்று நானும் கடிந்ததுண்டு. ஒருநாள் அவளது வழியையே கணக்காக்கிக் கரும்பலகையில் எழுதினேன். விடியலில் தாய் பிரட்டுக்களத்துக்குப் போய்விடுவாள். தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைப்பது இவள் பொறுப்பு. அது திறப்பது 7 மணிக்கு. பாடசாலை மணி ஒலிப்பது 7.30க்கு. தூரம் 3 கிலோமீற்றர், இறக்கமான ஒற்றையடிப் பாதை, நடக்க 45 நிமிடம்.

45 நிமிடத்தை 0.45 மணியாகக் கொண்டு, கதி 6.67 என்றான் ஒருவன். அவன் கணக்கின்படி அவள் 27 நிமிடத்தில் வந்து சேர்ந்திருப்பாள்; பிந்தியவளே அல்லள்! மணிக்கு நிமிடம் 60 என்பதை நினைவூட்டினேன். 3ஐ 0.75ஆல் வகுத்தார்கள், மணிக்கு 4 கிலோமீற்றர். மணியடிக்குமுன் வந்து சேர 6 வேண்டும். மழை நனைத்த கற்படிகளில் அது நடையல்ல, ஓட்டம்.

“சரி, தூரத்தை எழுவாயாக்குங்கள்” என்றேன், பயிற்சிக்காக மட்டுமே. அரை மணிக்கு 2 கிலோமீற்றர் வந்தது. அவள் பலகையைப் பார்த்தபடி சொன்னாள்: “அப்படியென்றால் பள்ளிக்கூடந்தான் ஒரு கிலோமீற்றர் எங்கள் பக்கம் வரவேணும், சேர்.”

வகுப்பு சிரித்தது. என்னாற் சிரிக்க இயலவில்லை. இத்தனை நாளும் அவள் கால்களை மட்டுமே எழுவாயாக வைத்து நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். கணக்கைத் தாளில் எழுதி அதிபரிடம் கொண்டுபோனேன். அவர் நிதானமாகச் சரிபார்த்தார். “கணக்குச் சரி, மாஸ்டர். ஆனால் ஒழுங்கு ஒழுங்குதானே?” என்று தாளைத் திருப்பித் தந்தார்.

மறுநாட் பாடம் சராசரிக் கதி. வீடு திரும்பும் ஏற்றத்துக்கு அவளுக்கு ஒன்றரை மணி நேரம், கதி 2. இறக்கத்தில் 4, ஏற்றத்தில் 2, ஆகவே சராசரி 3 என்றது வகுப்பு ஒரே குரலில். அவள் மட்டும் தூரங்களைக் கூட்டி, நேரங்களைக் கூட்டி, 6ஐ 2.25ஆல் வகுத்து 2.67 என்றாள். ஏன் குறைந்தது என்று கேட்டேன்.

“ஏத்தத்தில்தானே, சேர், கூட நேரம் நிற்கிறோம்.”

அன்றும் அவள் பிந்தித்தான் வந்திருந்தாள்.