528, ஒரு புள்ளி

எங்கள் குடும்பத்தில் பெரியப்பாவின் சாமர்த்தியத்துக்கு நிரந்தரச் சாட்சி ஒரு ரேடியோ. 1968ல் பாளையங்கோட்டையிலிருந்து சிகாகோவுக்குப் படிக்கப் போனவர், போன குளிர்காலத்திலேயே ஒரு சர்ச்சின் பழம்பொருள் கடையில் அதை வாங்கினார். மரூன் நிற பிளாஸ்டிக் பெட்டி, முகப்பில் 'சில்வர்டோன்' என்ற எழுத்து. அது சியர்ஸ் கடை தன் சரக்குக்கு வைத்துக்கொண்ட பெயர். முதலில் கிராமபோனுக்கு வைத்து, பிறகு ரேடியோவுக்கும் கொடுத்தார்கள்.

"பேருதாம்ல சியர்ஸு. உள்ள பூராவும் ஜெனித்து. கடைக்காரன் பேர மாத்தி ஒட்டிப் பாதி விலைக்கு வித்தாம். வெவரம் தெரிஞ்சவன் அதத்தான் வாங்குவாம்." ஊருக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்வார். கல்யாண வீடு, துஷ்டி வீடு என்ற பேதமில்லை. அந்தக் காலச் சிகாகோவில் ஜெனித் என்றால் பெரிய வீட்டுச் சரக்கு.

எப்படித் தெரியும் என்று கேட்டால், "தெரியும்லா" என்பார். எனக்கு உறுத்தியது அந்தத் "தெரியும்லா"தான். சூப்பர் மார்க்கெட் தன் பெயரைப் போட்டு விற்கும் பருப்புப் பொட்டலத்தைக் காட்டி, "இது இன்ன பெரிய கம்பெனி சரக்குதான், பேப்பர்தான் வேற" என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஆதாரம் இருந்து நான் பார்த்ததில்லை. வேலைக்காக நானும் இல்லினாய் வந்து சேர்ந்த பிறகு, அரோராவில் பெரியப்பா வீட்டு நிலவறையில் அந்த ரேடியோவைப் பார்த்ததும் திருப்புளி கேட்டேன். "பிளக்கப் பிடுங்கிட்டுத் தொடு" என்று மட்டும் சொன்னார். சரியான எச்சரிக்கை. அந்த வகை ரேடியோவில் மின்மாற்றி கிடையாது, சுவர் மின்சாரத்தின் ஒரு கம்பி பலசமயம் நேராகத் தகட்டுச் சட்டத்துக்கே வந்துவிடும்.

பின்பக்க அட்டையைக் கழற்றினால் ஐந்து வால்வு. 12-பிஇ-6, 12-பிஏ-6, 12-ஏவி-6, 50-சி-5, 35-டபிள்யூ-4. அமெரிக்க மேசை ரேடியோக்களில் லட்சக்கணக்கில் இருந்த கூட்டணி இது. பெயரின் முதல் எண், அந்த வால்வின் இழை கேட்கும் வோல்ட்டை ஏறத்தாழக் காட்டும். மூன்று பன்னிரண்டு, ஓர் ஐம்பது, ஒரு முப்பத்தைந்து, கூட்டினால் 121. அமெரிக்கச் சுவரில் வருவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால்தான் மின்மாற்றியை விட்டுவிட்டு ஐந்தையும் வரிசையாகக் கோத்துவிட்டார்கள். இந்தக் கணக்கை முதலில் போட்டவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

அந்த ஐந்தில் ஒன்றைப் பெரியப்பா விரலால் தட்டினார். 35-டபிள்யூ-4. கண்ணாடியில், பாதி அழிந்தும் சந்தேகத்துக்கு இடமில்லாமல், 'ஜெனித்'.

"சொன்னேம்லா?"

ஐம்பது வருஷக் கதைக்கு ஆதாரம் இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாங்கின புதிதில் திறந்து பார்த்திருக்கிறார், பெயரைப் படித்திருக்கிறார், முடிந்தது. அந்த வால்வோடு நான் செலவழித்த நேரத்தை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. வரிசையாகக் கோத்த ஐந்தில் ஒரு இழை அறுந்தாலும் ஐந்தும் அணைந்துவிடும். அடிக்கடி போவது இந்த 35-டபிள்யூ-4தான். போனால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஐந்தையும் பிடுங்கி ஒரு காகிதப் பையில் போட்டு மருந்துக் கடைக்குக் கொண்டு போவார். அந்நாளைய அமெரிக்க மருந்துக் கடைகளில் வால்வைச் சோதிக்கும் இயந்திரம் நிற்கும். செருகிப் பார்த்து, கெட்டதற்குப் பதிலாக ஒன்றை வாங்கி வருவார். கடைக்காரர் எந்தக் கம்பெனிப் பெட்டியை எடுத்துக் கொடுக்கிறாரோ அந்தப் பெயர் ரேடியோவுக்குள் குடியேறிவிடும். மற்ற நான்கில் எதிலும் ஜெனித் பெயர் இல்லை என்பதைப் பெரியப்பாவிடம் காட்டினேன். "அழிஞ்சிருக்கும்" என்றார்.

அவரோடு வாதாடிப் பயனில்லை என்று வால்வோடு வாதாடினேன். ஜெனித் என்ற பெயருக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்தால் மட்டும் தெரியும்படி, மூன்று இலக்கம்: 312. அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு அவர்கள் சங்கம் ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தது. 188 ஜெனரல் எலெக்ட்ரிக், 274 ஆர்.சி.ஏ., 280 ரேதியான். 312 சில்வேனியா. ஜெனித் தன் பெயரில் விற்ற மாற்று வால்வுகளை வேறு வால்வுக் கம்பெனிகளிடம் வாங்கித்தான் விற்றது. பெயரை மாற்றி ஒட்டியது சியர்ஸ் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொன்னார். அதற்கு அவர் காட்டிய சாட்சியே பெயர் மாற்றி ஒட்டிய சரக்கு! அன்று ராத்திரி தனியாகச் சிரித்தேன்.

அதே எண்முறை ஒலிபெருக்கியின் சட்டத்திலும் இருந்தது. 465, அதற்குப் பின் 623. 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற ஒலிபெருக்கிக் கம்பெனி, 6 வருஷத்தின் கடைசி இலக்கம், 23 வாரம். ஆனால் எந்தப் பத்தாண்டின் ஆறு? அதை டயல் சொன்னது. 640க்கும் 1240க்கும் மேலே சின்ன முக்கோணக் குறி. பனிப்போர்க் காலத்து ஏற்பாடு அது. எதிரி விமானம் வானொலி அலையைப் பிடித்துக்கொண்டு நகரத்துக்கு வழி கண்டுவிடக்கூடாது என்று, ஆபத்து வந்தால் மற்ற நிலையமெல்லாம் வாயை மூட, இந்த இரண்டு இடத்தில் மட்டும் அரசு பேசும். 1953லிருந்து 1963 வரை விற்ற ரேடியோக்களில் இந்தக் குறி இருந்தாக வேண்டும். ஆக 1956. பெரியப்பா வாங்கும்போதே அதற்குப் பன்னிரண்டு வயது.

வயது கிடைத்துவிட்டது, தகப்பன் பெயர் கிடைக்கவில்லை. ஒலிபெருக்கி யார் செய்தது என்று தெரிவதால் ரேடியோ யார் செய்தது என்று தெரிந்துவிடாது. அடுத்து இண்டியானாபோலிஸ் ஹோவர்ட் சாம்ஸின் 'ஃபோட்டோஃபேக்ட்' தொகுப்புகளைத் தேடிப் போனேன். 1946லிருந்து, சந்தைக்கு வந்த ரேடியோக்களையெல்லாம் பிரித்துப் போட்டு, படமெடுத்து, சுற்றுவரைபடம் போட்டு, பழுது பார்ப்பவர்களுக்கு விற்றவர்கள். ஒவ்வொரு மின்தேக்கிக்கும் அளவு உண்டு, டயல் கயிறு எந்தச் சக்கரத்தை எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது உண்டு. நான் பார்த்த தாளில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் மட்டும் சியர்ஸ், ரோபக் அண்ட் கம்பெனி, சிகாகோ என்று போட்டிருந்தது. அங்கேயும் கடைதான் வந்து நிற்கிறது.

விடை தகட்டுச் சட்டத்தின் பின் விளிம்பிலேயே இருந்தது. துருவைத் துணியால் துடைத்தபோது முத்திரை குத்திய எண் தெரிந்தது: 528, ஒரு புள்ளி, அதற்குப் பிறகு துரு தின்ற இலக்கங்கள். அந்த வட்டாரத்துப் பழைய ரேடியோ சந்தை ஒன்றில், நாற்காலி போட்டு உட்கார்ந்து உதிரி விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் எண்ணைச் சொன்னேன். தலையைக்கூட நிமிர்த்தாமல் "வார்விக்" என்றார். புள்ளிக்கு முன்னால் உள்ள மூன்று இலக்கம் சரக்கு எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்பதற்கு சியர்ஸ் போட்ட அடையாளம் என்றும், புள்ளிக்குப் பின்னால் வருவதுதான் மாடல் என்றும் விளக்கினார். வார்விக்கும் சிகாகோ கம்பெனிதான். கொஞ்ச காலம் கிளாரியன் என்ற பெயரில் சொந்தமாகவும் விற்றது, பெரும்பாலும் சியர்ஸுக்குச் செய்து கொடுத்தே வாழ்ந்தது.

பெரியப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"வார்விக்கா? எவம்ல அவம்?"

"சிகாகோ கம்பெனி பெரியப்பா. சியர்ஸுக்குன்னே பண்ணிக் கொடுத்தவங்க."

"சிகாகோதான? ஜெனித்தும் சிகாகோதான? பேசி வச்சிருப்பானுவ."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் புள்ளி என்னை விடவில்லை. தயாரித்தவர் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று இத்தனை பாடுபட்ட கடை, அதை எண்ணாக்கித் தானே ஏன் சரக்கின் மேல் குத்தியது? முகப்பில் மறைத்ததை முதுகில் எழுதியது போலத்தானே?

கடையின் பக்கமிருந்து பார்த்தால் இதில் முரண் இல்லை. சியர்ஸ் ஒரு தொழிற்சாலையை நம்பி இருக்க விரும்பவில்லை. விலை ஒத்துவராவிட்டால் அடுத்த வருஷம் வேறொருவரிடம் போகும், வாங்குபவருக்கு அதே சில்வர்டோன்தான். வாங்குபவரின் பழக்கம் கடையோடுதான் இருக்கவேண்டும், தொழிற்சாலையோடு இருக்கக் கூடாது. ஆனால் அதே கடைதான் பத்து வருஷம் கழித்து அவருக்கு ஒரு குமிழையோ சுருளையோ தேடிக் கொடுத்தாக வேண்டும். கான்சாஸிலிருந்து ஒரு விவசாயி எண்ணை மட்டும் கடிதத்தில் எழுதுவார். உதிரிப் பிரிவில் இருப்பவர் முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்ததும் எந்தத் தொழிற்சாலைக்குக் கேட்டு எழுதுவது என்று தெரிந்துகொள்வார். அந்த எண் நமக்காக எழுதியதே இல்லை. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது. நாம் ஒட்டுக்கேட்கிறோம்.

ஒட்டுக்கேட்கத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை. சில்வர்டோன் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் 185 என்றால் நியூ ஜெர்சியின் டேனலெக்ட்ரோ. சியர்ஸ் டி.வி.யில் 562 டோஷிபா, 564 சான்யோ. 1970களின் பின்பாதியில் வார்விக்கின் ஆர்கன்சா டி.வி. தொழிற்சாலையை வாங்கியதும் இந்தச் சான்யோவேதான். போட்டிக் கடையான மான்ட்கோமெரி வார்டு இன்னும் வெளிப்படை. போருக்குப் பிந்திய அதன் 'ஏர்லைன்' ரேடியோக்களின் மாடல் எண்ணில் முதல் இலக்கம் வருஷம், நடுவில் எழுத்து. பிஆர் என்றால் பெல்மான்ட் ரேடியோ, டபிள்யூஜி என்றால் வெல்ஸ்-கார்ட்னர். இந்த வெல்ஸ்-கார்ட்னர்தான் பின்னாளில் வீடியோ கேம் பெட்டிகளுக்குத் திரை செய்து கொடுத்தது. தாத்தா காது கொடுத்ததும் பேரன் காசு போட்டதும் ஒரே கம்பெனிக்கு. இரண்டு பேருக்கும் அது தெரிந்திருக்காது.

ஆக, பெரியப்பாவின் ரேடியோவை யார் செய்தது? ஒலிபெருக்கி ஆக்ஸ்ஃபோர்ட், ஒரு வால்வு சில்வேனியா, அதன் மேல் பெயர் ஜெனித். வார்விக்கின் கைவேலை என்று நான் விரல் வைத்துக் காட்டக்கூடியது, கவிழ்த்துப் பார்த்தால் தெரியும் அடிப்பக்கம்தான். பற்றவைத்த இடங்களில் சிலவற்றின் மேல் சிவப்புச் சாயப் பொட்டு. சரிபார்த்தவர் வைத்தது. ஒரு பொட்டு மட்டும் கொஞ்சம் இழுபட்டு வால்போல நீண்டிருந்தது. போதாததற்கு, ஒரு காலத்தில் வார்விக்கில் சியர்ஸுக்கே பங்கும் இருந்திருக்கிறது. கடை தானே செய்தது என்று ஒருவர் சொன்னால் அவரையும் முழுக்க மறுக்க முடியாது. ஜெனித் என்று சொல்பவரைத்தான் மறுக்கலாம்.

மறுத்துப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா என்னை நிலவறைக்கு இழுத்துக்கொண்டு போனார். இந்த முறை ரேடியோ பக்கம் போகவே இல்லை. மூலையில் இருந்த சியர்ஸ் மர அறுவை மேசையின் தகட்டைத் துடைத்து வைத்திருந்தார். 113, ஒரு புள்ளி. எந்த எண் எந்தக் கம்பெனி என்ற பட்டியலையும் எங்கேயோ பிடித்துவிட்டிருந்தார்.

"எமர்சன்னு போட்டிருக்கு. ரேடியோ பண்ணுவாம்லா எமர்சன், அவம் ரம்பமும் பண்ணிருக்காம் பாரு."

"இல்ல பெரியப்பா. அது செயின்ட் லூயிஸ் எமர்சன் எலெக்ட்ரிக், மோட்டார் கம்பெனி. ரேடியோ எமர்சன் நியூயார்க். ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது."

"ஒரே பேரு வச்சிக்கிட்டு சம்பந்தம் இல்லாமலா இருக்கும்?" என்றார். அன்று சாயங்காலம் கோயிலில் பிரசாத வரிசையில் முன்னால் நின்றவரிடம், தன் வீட்டு ரம்பத்தைச் செய்தது ஒரு ரேடியோ கம்பெனி என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.