உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

ஹோம் தியேட்டர் என்பது தனவந்தர்களைப் பீடிக்கும் வியாதிகளுள் ஒன்று என்றே நாம் வெகு காலம் எண்ணியிருந்தோம். பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு அந்த வியாதி வர நியாயமில்லை. பகலெல்லாம் ஐம்பது பையன்கள் சூழ்ந்துகொண்டு சத்தம் போடுகிறார்கள்; மாலையில் காசு கொடுத்து இன்னொரு நாற்புறச் சத்தம் வாங்குவானேன்? ஆயினும் சென்ற ஆண்டு அது நம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. காரணம் நம் தாயார்.

அம்மாவுக்கு வயது 78. இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் கூடத்தில் அமர்ந்து ஏதேனும் ஒரு படம் பார்ப்பது நம் வீட்டு வழக்கம். முதல் நாற்காலி அம்மாவுடையது. சில மாதங்களாக அவர், “தலை வலிக்கிறது”, “படம் நன்றாயில்லை” என்று ஏதாவது சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலானார். நம் மனைவிதான் உண்மையைக் கண்டுபிடித்தாள். “அத்தைக்கு வசனம் புரியவில்லை. நாம் சிரித்து முடித்த பிறகுதான் அவர் சிரிக்கிறார். நீங்கள் கவனிக்கவில்லையா?” என்றாள்.

நாம் கவனிக்கவில்லை. கடைசிப் பெஞ்சிப் பையன் பாடம் புரியாமல் தலையாட்டுவதை ஒரு நொடியில் கண்டுகொள்ளும் நாம், பெற்ற தாய் தலையாட்டுவதைக் கண்டுகொள்ளவில்லை. வெட்கமாயிருந்தது.

காது வைத்தியரிடம் அழைத்துப் போனோம். அவர் பரிசோதித்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். தாழ்ந்த சுருதிகளில் நேராகச் சென்ற கோடு, உயர்ந்த சுருதிகளில் மலைச் சரிவு போல இறங்கியிருந்தது. “முதுமையில் இது சகஜம். சத்தம் கேட்கும், சொல் கேட்காது” என்றார். தமிழ் வாத்தியாருக்கு அதன் பொருள் உடனே விளங்கிவிட்டது. உயிரெழுத்துக்களின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. க, ச, த போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது உயர்ந்த சுருதியிலுள்ள மெல்லிய ஓசை. ஆகவே அம்மாவுக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. வல்லினமே முதலில் மெலிந்து போகிறது!

காதில் பொருத்தும் கருவியை வைத்தியர் சிபாரிசு செய்தார். “காதுக்குத் தோடு போதும்” என்று அம்மா எழுந்துவிட்டார்.

டெலிவிஷனின் சத்தத்தைக் கூட்டினாலென்ன என்று கேட்கலாம். கூட்டிப் பார்த்தோம். அடுத்த வீட்டுக்காரர் வந்து க்ஷேமம் விசாரித்ததுதான் மிச்சம். இக்காலத்து டெலிவிஷன் அப்பளம் போல மெலிந்துவிட்டது. அதன் ஸ்பீக்கர்கள் தரையை நோக்கியோ சுவரை நோக்கியோ இருக்கின்றன, நம்மை நோக்கியில்லை. வசனத்தைக் கூட்டினால் மேளமும் வெடியும் கூடவே கூடுகின்றன.

இங்கேதான் சினிமாக்காரர்களின் பழைய கவலை ஒன்று நமக்கு உதவிற்று. ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கில எஞ்சினீயருக்கு, திரையில் நடிகர் ஓரிடத்தில் நிற்க, குரல் வேறிடத்திலிருந்து வருவது பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். 1931-இல் அவர் ஸ்டீரியோ ஒலிக்குப் பேடண்டு கோரினார். 1940-இல் டிஸ்னி கம்பெனியார் ‘ஃபாண்டேஷியா’ படத்தைத் தியேட்டரில் பல ஸ்பீக்கர்கள் வைத்துக் காட்டினார்கள். அந்த வம்சத்தில் வந்ததே 5.1 என்னும் முறை. முன்னே மூன்று, பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி இரண்டு, தாழ்ந்த முழக்கத்துக்கென்று ஒரு சப்-வூஃபர். இவற்றுள் நடு ஸ்பீக்கரிலிருந்தே பெரும்பாலும் வசனம் வருகிறது. ரிஸீவர் என்னும் பெட்டி இந்த ஓடைகளைத் தனித்தனியே பிரித்துக் கொடுப்பதால், நடுவிலுள்ளதை மட்டும் கூட்டலாம். நாம் தேடியது அதைத்தான்.

பஞ்சப்படி பாக்கி கைக்கு வந்த வாரம், பையனுடன் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரப் பிள்ளை ஒரு பெட்டியைத் தட்டி, “ஆயிரம் வாட்ஸ், சார்!” என்றான். எத்தனை ஸ்பீக்கர்கள் ஒரே சமயத்தில் பாடும்போது, எத்தனை ஓம் தடையில், எவ்வளவு சிதைவோடு அந்த ஆயிரம் என்று கேட்டோம். பிள்ளை முதலாளியைக் கூப்பிட்டான். ஒரே ஒரு ஸ்பீக்கரை ஒரே ஒரு சுருதியில் பாடவிட்டு அளந்த வாட்ஸ், கேள்வியை முன்கூட்டியே சொல்லிவிட்டு வைத்த பரீட்சையின் மார்க்கைப் போன்றது. மேலும், வாட்ஸை இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். நம் பன்னிரண்டடிக் கூடத்துக்கு யோக்கியமான ஐம்பது வாட்ஸே தாராளம்.

கையிருப்பில் ரிஸீவரும், முன்புற ஸ்பீக்கர்கள் மூன்றும் மட்டுமே அடங்கின. அவற்றுள் நல்லதை நடுவுக்கென்று எடுத்தோம். பையன் முகம் தொங்கிற்று. “சப்-வூஃபர் இல்லாத ஹோம் தியேட்டர் வெடியில்லாத தீபாவளி, அப்பா” என்றான். அடுத்த தீபாவளிக்கு வாக்குக் கொடுத்தோம். சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, “சரி, பாட்டிக்குத்தானே?” என்று பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டான்.

வீட்டில் பிரதிஷ்டை நடந்தது. முதல் ஒரு மணி நேரம் மகா மௌனம். டெலிவிஷனின் பின்புறத்தில் எச்.டி.எம்.ஐ. துவாரங்கள் பல இருந்தாலும், ஒலியைத் திருப்பி அனுப்புவது ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதிய ஒன்றுதான்; நாம் செருகியிருந்தது வேறொன்றில். பிறகு ரிஸீவர் தன் மைக்கினால் அறையை அளக்கத் தொடங்கிற்று. ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. அந்தக் கணக்கைக் கொண்டு, அருகிலுள்ள ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதிக்கச் செய்து, எல்லாக் குரலும் ஒரே கணத்தில் காதுக்கு வந்து சேரும்படி அது ஏற்பாடு செய்கிறது. மைக்கை அம்மாவின் நாற்காலியில் அவர் காது உயரத்தில் நிறுத்தினோம். மின்விசிறி ஓடினால் அளவு கெடும் என்று அதை நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு வியர்த்தபடி மூச்சடக்கி நின்றோம். இடது ஸ்பீக்கரில் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம் மாறியிருப்பதை அந்தப் பெட்டியே எச்சரித்தது. மறு அளவு முடிந்ததும் நம் மனைவி அதன் மேல் பூவேலைத் துணி போர்த்திக் கொலுப் பொம்மை ஒன்றையும் வைத்தாள். “அதன் தலையில்தான் அதற்கு மூச்சு, சூடு வெளியேற வேண்டும்” என்று சொல்லிப் பொம்மையை இறக்குவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிட்டது.

அன்றிரவு படம் போட்டோம். அரை மணியில் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பாக்கிப் பணம் முழுவதும் பாழ் என்று நாம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

பையன்தான் தரையில் குனிந்து பார்த்தான். “அப்பா, நடு ஸ்பீக்கர் அலமாரித் தட்டுக்குள்ளே ஒளிந்துகொண்டு பாட்டியின் முழங்காலோடு பேசுகிறது!” என்றான். அதைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, முன்புறத்தின் அடியில் கதவுக்கு வைக்கும் மரத்துண்டைச் செருகி, அம்மாவின் முகத்தை நோக்கி நிமிர்த்தினோம். மறுபடி அளந்தோம். நடுவை மட்டும் மூன்று டெசிபல் உயர்த்தினோம். வெடியை அடக்கி முணுமுணுப்பைத் தூக்கும் இரவு ஏற்பாட்டையும் முடுக்கினோம்.

மறுநாள் அம்மாவைக் கெஞ்சி உட்கார வைத்தோம். பழைய நகைச்சுவைப் படம். நாம் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வசனம் வந்தது. அம்மா சிரித்தார், நாம் சிரிப்பதற்கு முன்பே சிரித்தார். சற்று நேரம் சென்று நம் பக்கம் திரும்பி, “ஏண்டா இப்படி அலற விடுகிறாய்? கொஞ்சம் குறையேன்!” என்றார்.

கருவி காதை மீட்டுத் தராது. வைத்தியர் சொன்னதே சரி. இன்றும் சில சொற்கள் அம்மாவுக்குத் தப்பிப் போகின்றன. ஆனால் தப்பிப் போகின்றன என்பது இப்போது அவருக்கே தெரிகிறது. போன வாரம் அவராகவே, “அந்தக் காது டாக்டர் என்றைக்கு இருப்பார்?” என்று விசாரித்தார். தோட்டுக்குப் பக்கத்தில் இன்னும் ஒன்றுக்கு இடமிருக்கிறதாம்.